வில்லும் துப்பாக்கியும், தூண்டிலும் மடியும்

டெல்லித் தமிழனுக்குக் கோவில் இரண்டு. ஒன்று ஆர்.கே.புரம் மலை மந்திர். இன்னொன்று ஐ.என்.ஏ. மார்க்கெட். முதலாவதுக்குக் குளித்துவிட்டுப் போக வேண்டும். இரண்டாவதுக்குப் போய்விட்டு வந்து குளிக்க வேண்டும்.

தில்லி ஹாட்டுக்கு எதிரே, மெட்ரோவை விட்டு ஏறினால் மார்க்கெட். முன்பக்கத்துக் கடைகளில் முருங்கைக்காய், வாழைப்பூ, தேங்காயெண்ணெய், அப்பளம் எல்லாம் கிடைக்கும். இன்னும் உள்ளே போனால் தரை ஈரமாகும், பேன்ட்டை மடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதுதான் மீன் சந்து. வங்காளி, மலையாளி, ஆந்திராக்காரர், எம்பஸி வெள்ளைக்காரர், நாம் என்று எல்லாரும் அங்கே ஒரே ஜாதி. "அண்ணா, வஞ்சிரம் ஃப்ரெஷ்" என்று தமிழில் கூப்பிடும் வங்காளி தாதாவிடம் "கித்னா?" என்று நாம் ஹிந்தியில் கேட்போம். தேசிய ஒருமைப்பாடு வேறென்ன சார்?

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் மீனவனும் இல்லை, சுற்றுச்சூழல் ஆர்வலனும் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, டிரான்ஸ்ஃபரில் ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் டெல்லியில் வந்து விழுந்தவன். நடுவில் மூன்று வருஷம் நம்ம ஊர்க் கடலோரக் கிளை ஒன்றில் இருந்தேன். படகுக் கடன் ஃபைல் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ மீன் வாங்குகிறவன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

காலேஜில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஒருவன் இப்போது கொலராடோ மாநிலம் டென்வரில் இருக்கிறான். லீவில் வந்தவனை ஐ.என்.ஏ.வுக்குக் கூட்டிப் போனேன். வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவன் ஆபீஸ் கதை ஒன்றை எடுத்துவிட்டான்.

"டேய், எங்க ஆபீஸ்ல ரெண்டு வெள்ளைக்காரனுங்க. ரெண்டு பேருமே எல்க் வேட்டைக்குப் போறவங்க. ஒருத்தன் வில், ஒருத்தன் துப்பாக்கி. வருஷா வருஷம் செப்டம்பர் வந்தா சண்டை ஆரம்பிச்சிரும். வில்லுக்காரன் மட்டும்தான் உத்தமனாம். துப்பாக்கிக்காரன் சொல்றான், நான் ஒரே குண்டுல முடிச்சிடறேன், நீதான் அம்பை விட்டு அரைகுறையா ஓட விடறேன்னு."

எல்க் என்பது நம்ம கடமானுக்கு அண்ணன் மாதிரி ஒரு பெரிய மான். கொலராடோவில் மட்டும் சுமார் 2,80,000 இருக்கின்றன. அமெரிக்காவில் அதிகம் அங்கேதான். அந்த மாநிலத்தின் மலைக்காடுகளில் பெரும்பகுதி அரசு நிலம். ஜமீன் கிடையாது, வேலி கிடையாது. லைசென்ஸ் வாங்கிய எவனும் போகலாம். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் போக முடியாது. ஏறக்குறைய செப்டம்பர் மாதம் முழுக்க வில்லுக்கு. நடுவில் சில நாள் பழைய பாணியில் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு. அக்டோபர், நவம்பரில்தான் ரைஃபிளுக்கு. செப்டம்பர்தான் ஆண் எல்க் துணை தேடிக் குரல் கொடுக்கும் காலம். வில்லுக்காரன் அதே மாதிரி குரல் கொடுத்துப் பக்கத்தில் வரவழைக்கலாம். அதாவது நல்ல சீசன் வில்லுக்காரனுக்குப் போகிறது.

இது ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. நவீனக் கருவி வைத்திருக்கிறவனுக்குப் பின்வரிசை, பழைய கருவி வைத்திருக்கிறவனுக்கு முன்வரிசையா? பிறகு கணக்காகப் போட்டுப் பார்த்தேன், புரிந்தது.

ரைஃபிள்காரன் 200, 300 கஜத்திலிருந்து சுடுவான். வில்லுக்காரன் முப்பது, நாற்பது கஜத்துக்குள் போயாக வேண்டும். காற்று திசை மாறினால் மான் மோப்பம் பிடித்து ஓடிவிடும். பெரும்பாலான வில்லுக்காரர்கள் வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறார்கள். உதாரணத்துக்கு, இந்தக் காட்டில் இந்த வருஷம் 100 மான்தான் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரில் ஒருவருக்கு மான் கிடைக்கும் கருவி என்றால் 500 பேரைத்தான் உள்ளே விடலாம். இருபது பேரில் ஒருவருக்குக் கிடைக்கும் கருவி என்றால் 2,000 பேரை விடலாம். காடு அதே காடு, மான் அதே 100. ஆனால் பங்குதாரர் நாலு மடங்கு. இதில் புண்ணியம் பாவம் ஒன்றுமில்லை. பொதுச் சொத்தில் மெதுவான கருவி இருந்தால் அதிகம் பேருக்கு இடம் கிடைக்கிறது. அவ்வளவுதான் கணக்கு.

துப்பாக்கிக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அம்பு சரியாகப் படாவிட்டால் மான் காயத்தோடு ஓடி எங்கேயோ போய்ச் சாகும். வில்தான் தர்மம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மாநிலம் அப்படிச் சொன்னதாகவும் தெரியவில்லை. இரண்டையும் அனுமதித்து, எந்தக் கருவிக்கு எப்போது, எவ்வளவு என்று மட்டும் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு நண்பன், "உங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல. இந்தியாவுலதான் வேட்டையே கிடையாதே" என்றான்.

சட்டப்படி சரிதான். 1972 வனவிலங்குச் சட்டம், 1991-ல் வந்த திருத்தம் இரண்டும் சேர்ந்து வேட்டைக்கு மங்களம் பாடிவிட்டன. ஆனால் ஐ.என்.ஏ. மார்க்கெட்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கோழி பண்ணையில் வளர்ந்தது. ஆடு, பன்றி மனிதன் வளர்த்தவை. காடைகூடப் பண்ணைக் காடை. ரோகு, கட்லா குளத்தில் வளர்ந்தவை. வனாமி இறால் ஆந்திராப் பண்ணையில் வளர்ந்தது. ஆனால் வஞ்சிரம்? சங்கரா? மத்தி? யார் தீனி போட்டு வளர்த்தார்கள்? ஒருவரும் இல்லை. அது காட்டு மிருகம் மாதிரி கடலில் தானாக வளர்ந்தது. ஒருவன் போய்ப் பிடித்து வந்தான். நாம் இன்னும் வேட்டையாடித் தின்கிற கடைசி உயிர் கடல் மீன்தான். மீன் சந்து என்பது டெல்லியின் நடுவில் இருக்கும் வேட்டைச் சந்தை. வலை, தூண்டில் என்று பேர் மாறிவிட்டதால் நமக்கு அது வேட்டையாகத் தெரியவில்லை.

அந்தக் கடலும் பொதுச் சொத்துதான். அங்கேயும் வில்லும் துப்பாக்கியும் இருக்கின்றன.

வில் என்பது தூண்டில். ஒற்றைக் கயிறாக இருக்கலாம், நீளமான கயிற்றில் நூற்றுக்கணக்கான முள்ளைத் தொங்கவிடுவதாகவும் இருக்கலாம். முள்ளின் அளவு, இரை, ஆழம் மூன்றையும் பார்த்து இந்த மீன்தான் வேண்டும் என்று ஓரளவு குறிவைக்கலாம். வஞ்சிரத்துக்கென்று கண்ணி அளவு பார்த்துப் போடும் வலையும் ஏறக்குறைய இந்த வகையில்தான் சேரும்.

துப்பாக்கி என்பது இழுவை மடி. இதைத் துப்பாக்கி என்பதுகூடத் தப்பு, துப்பாக்கி ஒரு மானைத்தான் குறிவைக்கும். விசைப்படகின் பின்னால் பை மாதிரி ஒரு வலை. வாய் விரிந்திருக்க இரண்டு பக்கமும் பலகை, அடியில் கனத்த கயிறு. இதைக் கடலின் தரையோடு தரையாக மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவார்கள். இறால் வேண்டும் என்றுதான் இழுக்கிறார்கள். ஆனால் பையில் விழுவது எல்லாமே. குஞ்சு மீன், நண்டு, சிப்பி, பாசி, எதற்கும் உதவாத பொடி. இந்தப் பொடிக்கு ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்று பெயர். அதைக் காயவைத்துக் கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் அனுப்புகிறார்கள். நாளைக்குப் பெரிய மீனாக வேண்டியது இன்றைக்கு நாமக்கல் கோழிக்குத் தீனி. முதலை எடுத்துச் செலவு பண்ணிவிட்டு வட்டி எங்கே என்று கேட்கிற கதைதான். வங்கிக்காரனுக்கு இது புரியாமல் போகுமா?

இந்த மடி நம்ம ஊரில் காலகாலமாக இருந்தது இல்லை. 1950களின் ஆரம்பத்தில் கேரளாவில் கொல்லம் பக்கம் இந்திய-நார்வே திட்டம் வந்தது. மீனவரின் வாழ்க்கை உயரட்டும் என்றுதான் இயந்திரப் படகு கொண்டுவந்தார்கள். 1960களில் இறால் ஏற்றுமதி சூடு பிடித்தது. டாலர் வந்ததும் கடலுக்குப் போகாதவர்கள்கூடப் படகுக்கு முதல் போட்டார்கள். கரையோரம் கட்டுமரக்காரன் போட்ட வலையைக் கிழித்துக்கொண்டு மடி போனது. 1970களின் கடைசியில் தமிழ்நாட்டுக் கடற்கரையில் கட்டுமரத்துக்கும் விசைப்படகுக்கும் அடிதடி, தீவைப்பு. அதன் பிறகு வந்ததுதான் 1983-ன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து முதல் 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர், விசைப்படகு இழுக்கக் கூடாது என்று அது சொன்னது.

கவனித்தீர்களா? கொலராடோக்காரன் நாளைப் பிரித்தான், நாம் இடத்தைப் பிரித்தோம். நாம் நாளையும் பிரித்திருக்கிறோம். பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று ஏற்பாடு. வருஷத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரை முழுவதும் விசைப்படகுக்குத் தடை. 2001-ல் தமிழ்நாட்டில் 45 நாளாக ஆரம்பித்தது, 2017 முதல் 61 நாள். கேரளாக்காரர்கள் நமக்கு முன்னாடியே 1988-ல் மழைக்காலத் தடையை ஆரம்பித்துவிட்டார்கள். ஆக, கருவியைப் பார்த்துப் பங்கு பிரிக்கும் புத்தி நமக்கும் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

பிறகு எங்கே இடிக்கிறது?

காசில் இடிக்கிறது. அமெரிக்காவில் 1937-ல் ஒரு சட்டம் போட்டார்கள், பிட்மேன்-ராபர்ட்சன் சட்டம் என்று பெயர். வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவிகித வரி. அந்தப் பணம் பொதுக் கஜானாவில் கரையாமல் மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கே போகிறது. 1972-ல், அதாவது நாம் வனவிலங்குச் சட்டம் போட்ட அதே வருஷம், வில் அம்பையும் அந்த வரிக்குள் கொண்டுவந்தார்கள். 1900 வாக்கில் அந்த நாட்டில் எல்க் ஒரு லட்சத்துக்கும் கீழே போயிருந்தது. இன்றைக்குப் பத்து லட்சம் அளவுக்கு இருக்கிறது. வரி ஒன்றினால் மட்டும் இது நடக்கவில்லை. ஆனால் காட்டிலிருந்து எடுக்கிறவன் காட்டுக்குக் கொஞ்சம் திருப்பிக் கட்டுகிறான் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

இங்கே? டீசலுக்கு வரி விலக்கு. தமிழ்நாட்டில் விசைப்படகு ஒன்றுக்கு வருஷத்துக்கு 18,000 லிட்டரும், மோட்டார் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டரும் வரியில்லா டீசல் கொடுத்து வந்தார்கள். 2023-ல் அதை 19,000 என்றும் 4,400 என்றும் உயர்த்தினார்கள். ஏழை மீனவனுக்கு டீசல் மலிவாகக் கிடைக்க வேண்டும், அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் லிட்டரைப் பாருங்கள். தரையைச் சுரண்டுகிற கருவிக்குத்தான் டீசல் அதிகம் வேண்டும், அதனால் சலுகையும் அதற்குத்தான் அதிகம் போகிறது. அங்கே கருவிக்கு வரி, இங்கே கருவிக்குச் சலுகை. நான் இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான்.

அடுத்தது கடன். இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. விசைப்படகுக்குக் கடன் வாங்கியவர் தவணை கட்ட வேண்டும். தவணைக்குத் தெரிந்தது காலண்டர் மட்டும்தான். கடலில் மீன் இருக்கிறதா, காற்று எப்படி என்றெல்லாம் அது கேட்காது. 90 நாள் பாக்கி நின்றால் வாராக்கடன். 61 நாள் தடையில் கரையில் படகு சும்மா நிற்கும், தொழிலாளிக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும், வலையும் எஞ்சினும் பழுது பார்க்க வேண்டும். தடை முடிந்து இறங்கும்போது அவர் கண்ணில் மீன் தெரியாது, தவணை தெரியும். மூன்று மைல் கோடு தெரியுமா? கண்ணியை 40 மில்லிமீட்டருக்குக் குறைக்கக் கூடாது என்ற விதி தெரியுமா? இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டை மடி தடை செய்யப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே ஏன் போகிறார்கள் என்றால், பக்கத்துப் படகு போகிறது. பொதுச் சொத்தில் ஒழுங்காக நடக்கிறவன்தான் முதலில் திவாலாவான். அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்த யாரும் திருடனாக எனக்குத் தெரிந்ததில்லை. அம்மாவின் நகையை அடகு வைத்து டீசல் போட்டவர்கள் அவர்கள்.

இனிமேல் சொல்லப் போவது சிலருக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை.

பாக் நீரிணை ஆழமில்லாத கடல். பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டர்தான். தரையில் கடற்புல், அதை மேயும் கடல் பசு. 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுக் காப்பகமாக அறிவித்தது தமிழக அரசு. இந்தச் சின்னக் குளத்துக்குள் ஆயிரக்கணக்கில் விசைப்படகு. ராமேஸ்வரத்திலிருந்து எல்லைக்கோடு கூப்பிடு தூரம். முதல் மூன்று மைலைக் கழித்தால் மடி இழுக்க மிச்சம் கொஞ்சம்தான். நம்ம பக்கம் சுரண்டி முடித்ததும் கோட்டைத் தாண்டுகிறார்கள். இலங்கைக் கடற்படை பிடிக்கிறது, படகைப் பறிக்கிறது, சிறையில் போடுகிறது. சுட்டுக் கொன்ற கதையெல்லாம் உண்டு. நிராயுதபாணி மீனவனைச் சுடுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்கள். முப்பது வருஷம் போரில் கடலுக்கே இறங்க முடியாமல் கிடந்தவர்கள். 2009-க்குப் பிறகு சின்னப் படகும் கடன் வாங்கிய வலையுமாக மறுபடி இறங்கினார்கள். இரவு விரித்த வலை காலையில் இல்லை, நம்ம மடி வாரிக்கொண்டு போய்விட்டது. அவர்களுக்கு அது ஒரு வருஷச் சேமிப்பு. இலங்கையில் 2017-ல் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசுகிறோமே, அந்த உறவுக்காரன் வலையைக் கிழித்துவிட்டு என்ன உறவு? இது தமிழன்-சிங்களவன் சண்டை மட்டும் என்று நினைப்பது நமக்கு வசதி. நடப்பது மடிக்கும் சின்ன வலைக்குமான சண்டை, நம்ம பக்கம் 1970களில் நடந்ததேதான். அன்றைக்குக் கட்டுமரக்காரன் பக்கம் நியாயம் இருந்தது என்றால், இன்றைக்கு யாழ்ப்பாணத்துக்காரன் பக்கமும் அதே நியாயம் இருக்கிறது.

மீனவர்களே உட்கார்ந்து பேசியும் பார்த்தார்கள். 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும், 2015-ல் மறுபடி சென்னையிலும். 2016 நவம்பரில் இதே டெல்லியில் இரண்டு அரசும் பேசி, இழுவை மடியை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடிவுக்குக் கொண்டுவருவது என்று கூட்டறிக்கை விட்டார்கள். 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் பிரதமர் ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பாக் நீரிணையின் 2,000 விசைப்படகுகளை மூன்று வருஷத்தில் ஆழ்கடல் படகாக மாற்றுவது, அதில் மடிக்குப் பதில் டூனாவுக்கு நீளத் தூண்டிலும் செவுள் வலையும். ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கையிலிருந்து 8. மொத்தம் 1,600 கோடி.

துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வில்லைக் கொடுக்கிற திட்டம். யோசனை உயர்ந்தது. ஆனால் 2,000 என்ற இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஏன்? ஒரு கடன் ஃபைலாகப் பாருங்கள். ராமேஸ்வரத்துப் படகு இன்று போனால் நாளைக்குக் கரைக்கு வந்துவிடும். ஆழ்கடல் என்றால் வாரக்கணக்கில் தங்க வேண்டும். தொழில் வேறு, மீன் வேறு, இரை வேறு, பதப்படுத்தும் முறை வேறு. இறாலுக்கு வாசலிலேயே வியாபாரி நிற்கிறான், டூனாவுக்கு நல்ல விலை கிடைக்கும் சந்தை எங்கே? 8 லட்சமும் 16 லட்சமும் போட்டு இறங்கினால் முதல் வருஷ வருமானம் என்ன என்று எந்த மீனவராலும் தைரியமாகச் சொல்ல முடியாது, எந்த மேனேஜராலும் நம்பிக் கையெழுத்துப் போட முடியாது. வில்லைக் கொடுத்துவிட்டு, வில்வித்தையைச் சொல்லிக்கொடுக்காமல், மான் எங்கே இருக்கிறது என்றும் காட்டாமல் விட்டால் அவன் பழைய துப்பாக்கியைத்தான் தேடுவான்.

தூண்டிலால் பெரிய தொழிலே நடத்த முடியாது என்று நினைக்காதீர்கள். நம்ம வீட்டில் மாசிச் சம்பல் அரைக்கிறோமே, அந்த மாசி எங்கிருந்து வருகிறது? மாலத்தீவு, மினிக்காய். இரண்டு இடத்திலும் கழியும் தூண்டிலும்தான். உயிருள்ள பொடி மீனைக் கடலில் வீசி, சூரைக் கூட்டத்தை மேலே வரவழைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுகிறார்கள். மாலத்தீவின் அந்தச் சூரைக்கு 2012-ல் சர்வதேசத் தரச் சான்றிதழ் கிடைத்தது. ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டில் டின் மேலேயே கழித் தூண்டிலில் பிடித்தது என்று எழுதி விற்கிறார்கள். எப்படிப் பிடித்தோம் என்பதையே விலையாக மாற்றிவிட்டான் அந்தக் குட்டி நாட்டுக்காரன்.

தூண்டிலிலும் குறை உண்டு. நீளத் தூண்டிலில் ஆமையும் சுறாவும் மாட்டும். செவுள் வலை அறுந்து கடலில் கிடந்தால் ஆள் இல்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருக்கும். மடியை ஒரே நாளில் நிறுத்தினால் அதில் கூலிக்குப் போகிறவர், ஏலக் கூடத்தில் மீன் பிரிக்கும் பெண்கள், ஐஸ் உடைக்கிறவர் என்று பல ஆயிரம் குடும்பம் தெருவுக்கு வரும். தடைக்காலத்துக்கு அரசு கொடுக்கும் 8,000 ரூபாயை வைத்து இரண்டு மாதம் ஓட்டுவதே அவர்களுக்குக் கஷ்டம். அதனால் நாளையிலிருந்து மடியை எரியுங்கள் என்று டெல்லியில் ஏ.சி.யில் உட்கார்ந்து எழுத நான் தயாரில்லை.

நான் கேட்பது வேறு. முதலில், டீசல் சலுகையைப் படகின் அளவைப் பார்த்துக் கொடுக்காமல் கருவியைப் பார்த்துக் கொடுங்கள். தூண்டிலுக்கு மாறுகிறவருக்குக் கூட்டுங்கள், மடிக்கு வருஷா வருஷம் கொஞ்சம் குறையுங்கள். திடீர் அதிர்ச்சி வேண்டாம், ஆனால் திசை தெரிய வேண்டும். இரண்டாவது, ஆழ்கடல் படகுக் கடனுக்கு முதல் இரண்டு வருஷம் தவணை விடுமுறை, தடைக்காலத்தில் தவணையே விழாத அட்டவணை. பயிர்க் கடனை அறுவடையைப் பார்த்து வசூலிக்கிறோம், கடலுக்கும் அறுவடைக் காலம் இருக்கிறது. மூன்றாவது, மாறவே விரும்பாத வயதானவர்களின் படகை நியாயமான விலைக்கு வாங்கி உடைத்துவிடுங்கள். எல்லாரையும் டூனாவுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று என்ன இருக்கிறது? ஆழ்கடலிலும் மீன் அளவோடுதான் இருக்கிறது. நாலாவது, முதல் மூன்று மைலை ஏட்டில் இல்லாமல் கடலில் காப்பாற்றுங்கள். அது வில்லுக்காரனின் செப்டம்பர்.

ஐந்தாவது நமக்கு. அதாவது மீன் சந்தில் பேன்ட்டை மடித்துக்கொண்டு நிற்கிற எனக்கும் உங்களுக்கும்.

தாதாவிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன், "இது தூண்டில் மீனா, மடி மீனா?" என்று. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அண்ணா, காஜிப்பூர் மீன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. காஜிப்பூர் மொத்த மார்க்கெட்டில் பெட்டி பெட்டியாக ஐஸில் வந்து இறங்குகிறது. குஜராத்தா, மும்பையா, சென்னையா என்று சொன்னாலே பெரிய விஷயம். எப்படிப் பிடித்தது என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. நூறு பேர் கேட்க ஆரம்பித்தால் அவர் காஜிப்பூரில் கேட்பார். அவர் கேட்டால் அங்கே இருக்கிறவன் துறைமுகத்தில் கேட்பான். வியாபாரம் படித்தவனாகச் சொல்கிறேன், கேள்விக்கு விலை உண்டு என்று தெரிந்தால் பதில் தானாக வரும்.

அதுவரைக்கும் செய்யக்கூடியது சில இருக்கின்றன. காலண்டரைப் பாருங்கள். கிழக்குக் கரைத் தடை ஜூன் 14 வரை, மேற்குக் கரைத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு நிற்கிறது. அப்போது வரும் கடல் மீன் பெரும்பாலும் நாட்டுப்படகுக்காரர் பிடித்ததாகவோ ஐஸ் கிடங்கில் கிடந்ததாகவோதான் இருக்கும். செவுளைப் பார்த்து வாங்குங்கள், விலை கூட இருந்தால் பேரம் பேசாதீர்கள். கைநீள வஞ்சிரக் குஞ்சை "குழம்புக்கு நல்லா இருக்கும் அண்ணா" என்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேரளாவில் மத்தி 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பிடிக்கவே கூடாது என்று அளவு வைத்திருக்கிறார்கள். நம்ம கண்ணுக்கும் அப்படி ஒரு அளவுகோல் இருக்கலாம். வாரா வாரம் வஞ்சிரமேதான் வேண்டும் என்று அடம் பிடிக்காமல் அயிலை, மத்தி, நெத்திலிக்கும் ஒரு வாரம் கொடுங்கள். சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பெருகும் மீன்கள் அவை. விலையும் குறைவு, மாசக் கடைசிக்கு நல்லது.

கொலராடோவின் இரண்டு வெள்ளைக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் ஊரில் இரண்டு பேரும் போய்வர மான் மிச்சம் இருக்கிறது. நம்ம கடலிலும் அப்படி மிச்சம் இருக்கும்போதே எந்தக் கருவிக்கு எவ்வளவு என்று பேசி முடித்துவிட வேண்டும். மீன் தீர்ந்த பிறகு தூண்டில்காரனும் மடிக்காரனும் ஒரே வரிசையில், ஏதாவது ஒரு ஊரில் கட்டட வேலைக்குத்தான் நிற்பார்கள்.

உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள். முக்கியமாகக் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், என் கணக்கில் எங்கே உதைக்கிறது என்று சொல்ல வேண்டும்.